"எதிரே வந்தால் வண்டி தெரியும்" என்பவர்களுக்கு

இன்னொரு தொடை எலும்பு முறிவு. விளக்கமும் பழையதே: "ராங் சைடுல கொஞ்ச தூரம்தான் டாக்டர் வந்தேன்." கரூரைத் தொட்டுப் போகும் சேலம்–மதுரை நான்குவழிச் சாலைக்குப் பக்கத்தில் எலும்பு மருத்துவம் பார்ப்பவனுக்கு இந்த வாக்கியம் மனப்பாடம்.

யூ-டர்ன் தூரம், பெட்ரோல் செலவு, ஷிப்ட்டுக்கு நேரமாச்சு என்பதெல்லாம் புரிகிறது. எரிச்சல் வருவது, "எதிரே போனால்தான் சேஃப்டி, வர்ற லாரி கண்ணுக்குத் தெரியுமே" என்று எனக்கே பாடம் எடுக்கும்போதுதான். அது நடந்து போகிறவருக்கான அறிவுரை ஐயா, பைக்குக்கு அல்ல!

லாரி 60 கி.மீ., நீங்கள் 30. எதிரெதிரே என்றால் இடைவெளி வினாடிக்கு 25 மீட்டர் குறைகிறது. 50 மீட்டரில் பார்த்தாலும் கையில் இருப்பது 2 வினாடி. அதே லாரி பின்னால் வந்தால் வினாடிக்கு 8 மீட்டர்தான். அதோடு, நீங்கள் பார்த்தால் போதுமா? பக்கத்துத் தெருவிலிருந்து பைபாஸில் ஏறுகிறவர் வலப்பக்கம்தான் பார்ப்பார். வண்டி வரவேண்டிய திசை அதுதான். நீங்கள் இடப்பக்கத்திலிருந்து முளைக்கிறீர்கள். ஹோட்டல் வாசலில் நிற்கும் லாரியைச் சுற்ற வெளியே வளைத்தால், நேரே அடுத்த லாரியின் முகத்தில். இரவில் ஹைபீம் அடித்தால் உங்களுக்கும் எதுவும் தெரியாது.

தொடை எலும்பு முறிந்தால் ஒரு லிட்டருக்கு மேல்கூட ரத்தம் தொடைக்குள்ளேயே தேங்கலாம். "வெளியே ரத்தமே இல்லையே" என்று ஆட்டோவில் மடக்கி உட்காரவைத்து, டீயும் வாங்கிக் கொடுத்து அழைத்து வருகிறார்கள். டீ வேண்டாம், ஆபரேஷனுக்கு வயிறு காலியாக இருக்க வேண்டும்; மயக்க மருந்து கொடுப்பவருக்கு அது தனித் தலைவலி. அசைக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். உதவப் போனால் கேஸ் வரும் என்று பயப்படவும் வேண்டாம். 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம் உங்களைக் காக்கிறது.

கடைக்காரர்களுக்கு: வாசலுக்கு நேரே மீடியனை (சாலை நடுத் தடுப்பை) உடைத்து வழி விடாதீர்கள். திருப்பத்தை மறைக்கும் போர்டை இன்றே எடுங்கள். உடைந்த மீடியன், எரியாத விளக்கு என்றால் தேசிய நெடுஞ்சாலை உதவி எண் 1033-க்குச் சொல்லுங்கள். ஹெல்மெட் டேங்க் மேல் அல்ல, தலையில், பட்டையையும் மாட்டுங்கள்.

டெக்ஸ்டைல் கம்பெனிகளுக்கு ஸ்கூட்டியில் போகும் அம்மாக்களே, யூ-டர்ன் வரை போய்த் திரும்பி வாருங்கள். லேட்டானால் சூப்பர்வைசரிடம் நான் பேசுகிறேன்.