ஈரி ஏரியில் நீச்சல் தெரிந்தவர்களுக்கு

ஏப்ரல் பிறந்தால் எனக்கு எரிச்சலும் கூடவே பிறந்துவிடுகிறது. ஒஹாயோ மாநிலத்தின் வடகரையில், ஈரி ஏரிக்கு அருகிலுள்ள ஒரு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவில் பணிபுரிகிறேன். வாலாய் (walleye) மீன்கள் முட்டையிடுவதற்காக ஏரியின் மேற்குப் பகுதியிலுள்ள பாறைத்திட்டுகளுக்கும் மௌமி ஆற்றுக்கும் கூட்டங்கூட்டமாக வந்து சேரும் பருவம் அது. அவற்றின் பின்னாலேயே ஆறு ஆறு பேராகச் சார்ட்டர் படகு, அதாவது கேப்டனோடு வாடகைக்கு வரும் படகு, பிடித்துக்கொண்டு மனிதர்களும் வந்து சேர்கிறார்கள். அண்மைக் காலமாக அவர்களுள் தமிழ் பேசுவோரும் கணிசமாக இருப்பதால்தான் இதைத் தமிழில் எழுதுகிறேன்.

சென்ற பருவத்தில், நல்ல வெயிலடித்த ஒரு சனிக்கிழமை முற்பகலில், நாற்பது வயதைத் தாண்டிய ஒருவரைக் கொண்டுவந்தார்கள். வெளியே 17 டிகிரி செல்சியஸ். ஏரி நீர் 6 டிகிரி. நண்பரின் தூண்டிலில் சிக்கிய மீனை வலையில் ஏந்துவதற்காகப் படகின் விளிம்பில் குனிந்தவர், பக்கவாட்டில் வந்த ஓர் அலை படகைச் சாய்த்ததில் தலைகுப்புற விழுந்திருக்கிறார். லைஃப் ஜாக்கெட் அணியவில்லை. கேப்டன் எறிந்த மிதவை வளையத்துக்குள் முழங்கையை நுழைத்துக்கொண்டதால் பிழைத்தார். மூச்சு ஓரளவு சீரான பிறகு அவர் என்னிடம் சொன்ன முதல் வாக்கியம் இன்னும் மறக்கவில்லை: "கயிறு உள்ளங்கையிலதான் கிடந்தது டாக்டர், விரல் மூடமாட்டேங்குது."

வாசலில் நின்றிருந்த நண்பரோ, ஏதோ கணக்கு தவறிவிட்டதுபோல, "இவனுக்கு நல்லா நீச்சல் தெரியுமே டாக்டர், தாமிரபரணியில குதிச்சு வளர்ந்தவன்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். இந்த வாக்கியத்தை ஆற்றின் பெயரை மட்டும் மாற்றி மாற்றிப் பலமுறை கேட்டுவிட்டேன்.

ஆகவே இதைச் சற்று விரிவாகவே சொல்லிவிடுகிறேன். குளிர்ந்த நீர் மனிதனை உறைய வைத்துத்தான் கொல்லும் என்றும், அதற்கு நேரம் பிடிக்கும் என்றும், அதற்குள் நீந்திப் படகைப் பிடித்துவிடலாம் என்றும் பலர் நம்புகிறார்கள். அந்த மனிதர் நீரில் கிடந்தது ஒன்பது நிமிடம். எங்களிடம் வந்தபோது அவருடைய உடல் வெப்பநிலை 35.6 டிகிரி. 35-க்குக் கீழே இறங்கினால்தான் நாங்கள் தாழ்வெப்பநிலை என்றே பதிவு செய்வோம். மருத்துவக் கணக்கில் அவர் குளிர்ந்துகூடப் போகவில்லை. ஆனால் நுரையீரலில் தண்ணீர் ஏறி, இரண்டு நாள் ஆக்சிஜனில் இருந்தார். கனடாவின் மானிட்டோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட், தன்னையே பனிநீரில் அமிழ்த்திக்கொண்டு ஆராய்ந்தவர், இதை 1-10-1 என்ற எளிய சூத்திரமாக்கியிருக்கிறார். முதல் ஒரு நிமிடம் மூச்சு உங்கள் வசத்தில் இராது. விழுந்த கணத்தில் வாய் தானாகத் திறந்து காற்றை இழுக்கும், அப்போது முகம் நீருக்குள் இருந்தால் உள்ளே போவது தண்ணீர்தான். அடுத்த பத்து நிமிடம் கைகால்கள் உருப்படியாக இயங்கும் அவகாசம். அதுவும் நிமிடத்துக்கு நிமிடம் தேய்ந்துகொண்டே போகும். நினைவு தப்புவதற்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். அந்த ஒரு மணி நேரம் உங்களுக்குக் கிடைக்க வேண்டுமானால் முதல் பதினொரு நிமிடமும் தலை நீருக்கு மேலே இருந்தாக வேண்டும். தாமிரபரணியில் கற்றது வெதுவெதுப்பான நீரில், மூச்சும் விரலும் சொன்னபடி கேட்கும்போது கற்ற நீச்சல். இங்கே முதலில் போவது அவை இரண்டும்தான்.

'ஏரிதானே' என்பது அடுத்த சமாதானம். பெயரும் நமக்கு வாகாக அமைந்துவிட்டது. ஈரி என்றாலும் ஏரி என்றாலும் வீராணம் அளவில்தான் மனம் கற்பனை செய்கிறது. இதன் பரப்பு ஏறத்தாழ 25,700 சதுர கிலோமீட்டர், அதாவது தமிழ்நாட்டில் ஐந்தில் ஒரு பங்கு. வட அமெரிக்காவின் ஐம்பேரேரிகளில் ஆழம் குறைந்தது இதுதான். மேற்குப் பகுதியின் சராசரி ஆழம் 7 மீட்டரைச் சற்றே தாண்டும். ஆழம் குறைவு என்றதும் நிம்மதி அடைகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆழமற்ற நீரில்தான் அலை செங்குத்தாக, மூச்சு வாங்கவிடாமல் அடுத்தடுத்து வரும்; கடற்படகில் பழகியவர்களே இங்கே தடுமாறுவதுண்டு.

சார்ட்டர் படகுகளில் ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட் இருக்க வேண்டும் என்பது சட்டம். இருக்கவும் செய்கிறது, பெரும்பாலும் முன்னறையில், குளிர்பெட்டிக்கும் மழைக்கோட்டுகளுக்கும் அடியில். நீரில் விழுந்த பிறகு அதை அணிந்துகொள்ள முடியுமா என்று கேட்பவர்கள், ஓடும் காரில் மோதும் நேரத்தில் சீட் பெல்ட் போட்டுக்கொள்ள முடியுமா என்று யோசித்துப் பார்க்கட்டும். இதே ஏரியின் கரையிலுள்ள பக்கத்து மாநிலமான பென்சில்வேனியாவில் நவம்பர் 1 முதல் ஏப்ரல் 30 வரை 16 அடிக்குக் குறைவான படகில் இருப்பவர்கள் அதை அணிந்தே தீர வேண்டும். முப்பது அடிச் சார்ட்டர் படகு அந்த அளவுக்குள் வராது. சட்டம் கேட்கவில்லை என்பதற்காக நீரும் கேட்காது என்று இருந்துவிடாதீர்கள். தூண்டில் வீசத் தடையாக இருக்கிறது என்றால், தோளில் பட்டைபோலக் கிடந்து நீர் பட்டதும் தானே ஊதிக்கொள்ளும் வகையை வாங்குங்கள். வாயுக் குப்பி காலியாக இல்லையா என்று வீட்டிலேயே பார்த்துவிடுங்கள்.

பிள்ளைகளை அழைத்துச் செல்கிறீர்களா? அவர்களுக்கான அங்கி எடையைப் பொறுத்தது, வயதைப் பொறுத்ததன்று. படகைப் பதிவு செய்யும்போதே ஒவ்வொரு பிள்ளையின் எடையையும் கேப்டனிடம் சொல்லுங்கள். துறையை விட்டுக் கிளம்புமுன் இன்னொன்றையும் கேளுங்கள்: கேப்டனே விழுந்துவிட்டால் எஞ்சினை நிறுத்துவது எப்படி, ரேடியோவில் 16-ஆம் அலைவரிசையில் உதவி கேட்பது எப்படி? எந்தக் கேப்டனும் இதற்குக் கோபித்துக்கொண்டு நான் கேள்விப்பட்டதில்லை. யாராவது விழுந்தால் ஒருவர் வேறு எந்த வேலையும் செய்யாமல் அவரையே விரலால் சுட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அலைகளுக்கு நடுவே ஒரு தலை அத்தனை விரைவில் கண்ணுக்குத் தப்பிவிடும்.

தூக்கிய பிறகும் சில வேண்டுகோள்கள் உண்டு. அவரை நடக்க விடாதீர்கள், படுக்க வையுங்கள். ஈர உடையைக் களைந்து போர்த்துங்கள். கைகால்களைத் தேய்க்காதீர்கள். பிராந்தி கொடுக்காதீர்கள், உடல் சூடேறுவதுபோல் தோன்றும், உண்மையில் சூடு வெளியேறும். நாடி அகப்படவில்லை என்று கைவிட்டுவிடவும் வேண்டாம்; சூடேற்றிய பிறகும் உயிர் திரும்பாவிட்டால்தான் இறந்தவர் என்பது எங்கள் துறையின் பழமொழி. உதவி வரும்வரை நெஞ்சை அழுத்திக்கொண்டே இருங்கள். (விரலில் ஏறிய மும்முனைத் தூண்டிலைப் பிடுங்காமல் அப்படியே கொண்டுவருவதும் எனக்குச் செய்யும் உபகாரம்தான்.)

மே முடியுமட்டும் பொறுத்தால் தண்ணீர் இளகிவிடும். தீவுகளைச் சுற்றி ஸ்மால்மௌத் பாஸ் மீனும் நன்றாகக் கடிக்கும். ஏப்ரலில்தான் போவேன் என்றால் காற்றைப் பாருங்கள். வடகிழக்குக் காற்று, நம் கரையோரத்தார் வாடை என்பது, ஏரியின் நீளவாக்கில் ஏறத்தாழத் தடையின்றி ஓடிவந்து மேற்குப் பகுதியில்தான் முட்டும். முன்பணம் கட்டியாயிற்று, விடுதியில் அறையும் எடுத்தாயிற்று, மூன்று மணி நேரம் வண்டி ஓட்டி வந்திருக்கிறோம் என்று அந்த நாளில் கேப்டனை நெருக்குகிறவர்களும் இருக்கிறார்கள். அதிகாலை ஐந்து மணிக்கு 'இன்று காற்று சரியில்லை' என்று அவரிடமிருந்து குறுஞ்செய்தி வந்தால், தயவுசெய்து பேரம் பேசாமல் மறுபடி தூங்கிவிடுங்கள்.