சோலை ஓரத்துப் புதரை வெட்டாதீர்கள்

நீலகிரியில் சோலைக்காடுகளை, அதாவது புல்வெளிகளுக்கு நடுவே வளரும் பசுமைமாறா மலைக்காடுகளை, மீட்கும் பணியில் இருக்கிறேன். நிலம் வைத்திருப்பவர்கள் என்னை அழைத்துப்போய்ப் பெருமையோடு காட்டுவது, புதரெல்லாம் வெட்டிச் 'சுத்தம்' செய்த சோலை ஓரத்தைத்தான். பார்க்கும்போது வயிறு எரிகிறது.

உயரமான சரிவுகளில் புல்வெளி முடியும் இடத்தில் சட்டென்று சோலை தொடங்கிவிடும். டிசம்பர், ஜனவரி மாதங்களில் மேகமற்ற இரவுகளில் புல்வெளி தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிடுகிறது. விடியற்காலையில் தரையருகே வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே இறங்கி உறைபனி படிகிறது. சில அடி தள்ளிச் சோலைக்குள் அந்தக் கடுமை இல்லை. மரக்கூரை வெப்பத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. சோலை மரக்கன்றுகள் வெட்டவெளியில் தலையெடுக்க முடியாமல் கருகுவதற்கு உறைபனி ஒரு முக்கியக் காரணம்.

இந்த இரண்டு உலகங்களுக்கும் நடுவே நிற்கும் செடிகளைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள். காட்டுப் பூவரசு என்று நாம் சொல்லும் ரோடோடென்ட்ரானின் இலை தோல்போலத் தடித்திருக்கும். திருப்பினால் அடியில் மெல்லிய ரோமப் படலம். பட்டை தடிமனானது. பனியையும் புல்வெளித் தீயையும் தாங்குவதால்தான் புல்வெளிக்குள்ளும் தனிமரமாக அதனால் நிற்க முடிகிறது. பக்கத்திலேயே தவிட்டுப்பழம், ஊசிக்கலா, மஞ்சள் பூவோடு ஹைபெரிக்கம். விண்டர்கிரீன் இலை ஒன்றைக் கசக்கி முகர்ந்தால் வலித்தைலத்தின் வாசனை. வெயில், காற்று, பனி மூன்றையும் இவை முதலில் வாங்கிக்கொள்கின்றன.

வேலிபோல நிற்கும் இந்தப் புதர்களை வெட்டினால் நடுப்பகல் வெயில் பக்கவாட்டில் உள்ளே பாய்கிறது. காற்று ஈரத்தை உறிஞ்சிவிடுகிறது. அடிமரத்துப் பாசி பழுப்பாகி உதிர்கிறது. நிழலில் முளைத்த கன்றுகள் வாடுகின்றன. திறந்த இடத்தை வெளிநாட்டுக் களைச்செடிகளான யூபடோரியமும், ஆரஞ்சுப் பூவோடு செஸ்ட்ரமும் பிடித்துக்கொள்கின்றன. செஸ்ட்ரம் வேரூன்றிவிட்டால் வெட்ட வெட்டத் தழையும்.

சீகை மரம் (வாட்டில்) பற்றியும் சொல்லியாக வேண்டும். தோல் பதனிடும் பட்டைக்காக வளர்க்கப்பட்ட இந்த ஆஸ்திரேலிய மரம் புல்வெளிகளை விழுங்கியது உண்மை, அகற்றத்தான் வேண்டும். ஆனால் சோலையை ஒட்டிய பழைய சீகைத் தோப்பின் நிழலில், பனிக்குத் தப்பிய சோலைக் கன்றுகள் வளர்ந்துகொண்டிருக்கும். ஒரே நாளில் இயந்திரம் விட்டுச் சாய்த்தால் அவையும் போகும். மண்ணில் பல ஆண்டுகளாகக் காத்திருக்கும் சீகை விதைகளும் மொத்தமாக முளைக்கும். அந்த ஓரத்தில் மட்டும் ஆண்டுக்குக் கொஞ்சமாக எடுங்கள். முளைக்கும் சீகைக் கன்றுகளைக் கையால் பிடுங்குங்கள்.

புல்வெளியில் மரம் நடவும் வேண்டாம். நீலகிரிச் சதுப்புகளில் செடிகொடிகள் அரைகுறையாக மட்கிச் சேர்ந்த கரிமண்ணை ஆராய்ந்ததில், சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்பே இங்கே புல்வெளி இருந்தது தெரிந்திருக்கிறது. காட்டை அழித்து வந்த வெற்றிடமாக அதை எண்ணிவிடக் கூடாது.

ஏற்கெனவே வெட்டிவிட்டீர்களா? செஸ்ட்ரத்தை வேரோடு எடுத்துவிட்டு, மாட்டை இரண்டு மூன்று ஆண்டுகள் அந்தப் பக்கம் விடாதீர்கள். தவிட்டுப்பழமும் காட்டுப் பூவரசும் நடுவதானால் ஜூன் மழை தொடங்கியதும் நடுங்கள். உறைபனி வருவதற்குள் வேர் பிடிக்க ஆறு மாதம் கிடைக்கும்.