கோல்ஜியை இழுத்துப் பிடிக்கும் புரதம்

கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டுக்குள் பின்வாசல் வழியாக நுழைந்தால் அடுப்படி, இரண்டாம் கட்டு, வளவு, முகப்பு என்று கடந்து அடுத்த தெருவில் வெளியே வரலாம். நம் செல்லுக்குள் இருக்கும் கோல்ஜியும் இப்படிக் கட்டுகட்டாக அமைந்ததுதான். தட்டையான சவ்வுப் பைகள், பெரும்பாலும் 4 முதல் 8 வரை, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். புதிதாகச் செய்த புரதம் பின்கட்டில் இறங்கும், கட்டுக்குக் கட்டு அதில் சர்க்கரைகள் ஏறும், முகப்பில் பொதியாகி வெளியே போகும். 1898-ல் காமில்லோ கோல்ஜி கூகையின் மூளைச் செல்லில் இதைக் கண்டு சொன்னார்.

இங்கே வேலை பார்க்கும் ஒரு புரதத்தின் பெயர் கோல்ஃப்3. விளையாட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கோல்ஜி பாஸ்போபுரதம் 3 என்பதன் சுருக்கம். 298 அமினோ அமிலங்கள், எடை சுமார் 34 கிலோடால்டன். இது என்சைம் இல்லை. எதையும் வெட்டாது, ஒட்டாது. பிடித்துக்கொள்வது மட்டுமே இதன் தொழில்.

எதைப் பிடிக்கிறது? கோல்ஜியின் முகப்புப் பக்கத்துச் சவ்வில் பிஐ4பி என்ற கொழுப்பு அதிகம். அதன் தலையில் எதிர்மின்னூட்டம். கோல்ஃப்3-ல் அதற்கேற்ற நேர்மின்னூட்டப் பள்ளம். 90-ஆவது இடத்து ஆர்ஜினைனை லூசினாக மாற்றிவிட்டால் பிடி விட்டுப்போய், புரதம் செல் முழுக்க அலையும். மறுபக்கம் அது மையோசின் 18ஏ என்ற புரதத்தைப் பிடிக்கிறது. மையோசின், செல்லுக்குள் ஓடும் ஆக்டின் என்ற புரத இழைகளைப் பிடிக்கிறது. கல்யாணப் பந்தலை நாலு பக்கமும் கயிறு கட்டி இழுக்கிற மாதிரி, இந்த இழுவையில்தான் கோல்ஜி நீண்டு தட்டையாகிறது, பொதிகளும் கழன்று புறப்படுகின்றன. கோல்ஃப்3-ஐ நீக்கினால் கோல்ஜி சுருங்கும், வெளியேற்றம் குறையும். இது 2009-ல் தெரியவந்தது.

இன்னொரு வேலையும் உண்டு. சர்க்கரை ஏற்றும் என்சைம்கள் தத்தம் கட்டில் நிற்க வேண்டும். ஆனால் சரக்கோடு சேர்ந்து அவையும் முகப்புப் பக்கம் நகர்ந்துவிடும். கோல்ஃப்3 அவற்றின் வாலைப் பிடித்து, காப்-1 என்ற உறை போட்ட குட்டிக் கொட்டான்களில் ஏற்றிப் பின்கட்டுக்குத் திருப்பி அனுப்புகிறது. ஈஸ்டில் இதே வேலையைச் செய்வது விபிஎஸ்74 என்ற புரதம்.

புற்றுநோய்க்கு வருவோம். கோல்ஃப்3-இன் மரபணு 5-ஆம் குரோமோசோமின் குட்டைக் கையில் இருக்கிறது. மெலனோமா என்ற தோல் புற்றுநோய், நுரையீரல், மார்பகம் உள்ளிட்ட பல கட்டிகளில் அந்தப் பகுதி பெருகிக் கிடப்பதையும், மிகுந்த கோல்ஃப்3, செல்லை வளரச் சொல்லும் எம்டார் சமிக்ஞையைத் தூண்டுவதையும் 2009-ல் வந்த மற்றொரு ஆய்வு காட்டியது. 2014-ல் தெரிந்தது இன்னும் சுவையானது. டாக்சோரூபிசின் போன்ற கீமோ மருந்தால் டிஎன்ஏ உடைந்தால், அதன் பழுதுபார்ப்பில் பங்குள்ள டிஎன்ஏ-பிகே என்ற என்சைம் கோல்ஃப்3-இன் 143-ஆவது த்ரியோனைனில் பாஸ்பேட் ஏற்றுகிறது. இழுவை கூடி, கோல்ஜி செல் முழுக்கச் சிதறுகிறது. சிதறினால் செல் சாகும் என்றுதானே நினைப்போம்? பிழைத்துக்கொள்கிறது! சிதறலைத் தடுத்தால்தான் அதிகம் சாகிறது.

அப்படியானால் கோல்ஃப்3-ஐ நேரே அடித்துவிடலாமே என்றால், சுலபமில்லை. மருந்தை அடைக்க, என்சைம்களுக்கு இருப்பதுபோல் வினை நடக்கும் குழி கிடையாது. பிஐ4பி அமரும் பள்ளத்தைக் குறிவைத்தால், மருந்தும் எதிர்மின்னூட்டம் சுமக்க வேண்டிவரும். அப்படிப்பட்ட மூலக்கூறு செல் சவ்வைத் தாண்டத் தடுமாறும். பிஐ4பி-யைச் செய்யும் என்சைமைத் தடுக்கலாம், ஆனால் நல்ல செல்லுக்கும் அது வேண்டும். டிஎன்ஏ-பிகே தடுப்பான்களைக் கீமோ மருந்தோடு சேர்ப்பதுதான் எனக்கு நியாயமாகப் படுகிறது. டிஎன்ஏ பழுதுபார்ப்பும் கோல்ஜிச் சிதறலும் ஒரே அடியில் தடைபடும். நல்ல செல்லின் பழுதுபார்ப்பும் சேர்ந்து தடைபடும் என்பதால் அளவில் கவனம் வேண்டும். இன்னொன்று, மருந்து யாருக்கு என்று அறிய இதை அடையாளமாக வைப்பது: எலிகளில் கோல்ஃப்3 மிகுந்த கட்டிகள், எம்டாரைத் தடுக்கும் ராப்பமைசின் மருந்துக்கு அதிகம் கட்டுப்பட்டன.

காரைக்குடியில் முதுகலை படிக்கும் பிள்ளைகள் இதை ஆய்வுக்கூடத்தில் செய்துபார்க்க நினைத்தால் சறுக்கும் இடங்கள் சில உண்டு. பிஐ4பி-க்குச் சாயமிட மெத்தனாலில் செல்லை நிலைநிறுத்தாதீர்கள். கொழுப்பு கரைந்து போய்விடும். 2 சதவீத ஃபார்மால்டிஹைடில் 15 நிமிடம், பிறகு சவ்வில் துளையிட, ட்ரைட்டனுக்குப் பதில் 20 மைக்ரோமோலார் டிஜிட்டோனினில் 5 நிமிடம். செய்முறையில் அறை வெப்பநிலை என்றிருந்தால் அது 25 டிகிரியைச் சுற்றி. நம்மூர் சித்திரை வெயிலில் ஏசி இல்லாத அறையைச் சொல்லவில்லை.

சிதறிய கோல்ஜியைப் பார்த்ததும் மருந்து வேலை செய்தது என்று எழுதிவிடவும் கூடாது. பிரியும் செல்லில் கோல்ஜி தானாகவே உடையும், செல்லின் நுண்குழல்களைக் கலைக்கும் நோகோடசோல் போட்டாலும் உடையும். உட்கருச் சாயத்தைப் பார்த்துப் பிரியும் செல்களைக் கழித்துவிட்டு எண்ணுங்கள். மரபணுவின் செய்தியை அழித்துப் புரதத்தைக் குறைக்கும் ஆர்என்ஏ குறுக்கீட்டில் கோல்ஃப்3 குறைய 48 முதல் 72 மணி நேரம் ஆகும். குறைந்ததா என்று, புரதங்களை எடைவாரியாகப் பிரித்து ஆன்டிபாடியால் அடையாளம் காணும் வெஸ்டர்ன் பிளாட்டில் பார்க்கும்போது, கோல்ஃப்3எல் என்ற சகோதரப் புரதமும் ஏறக்குறைய அதே எடையில் ஓடும். உங்கள் ஆன்டிபாடி இரண்டையும் பிடித்தால், பட்டை குறையாமல் இருப்பதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.