நாலுல ஒண்ணுன்னா அடுத்த மூணும் தப்பிச்சிரும்னு இல்லீங்க

நான் ஜெனட்டிக் கவுன்சிலிங் பண்றவ, அதாவது பரம்பரை நோய் பத்தி குடும்பங்களுக்கு ஆலோசனை சொல்றவ. ஒரு குடும்பம் வந்திருந்தாங்க (ஆள் அடையாளம் தெரியாம இருக்க கொஞ்சம் மாத்தியிருக்கேன்), புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேருமே தலசீமியாங்கிற பரம்பரை ரத்த நோய்ல மைனர் (ஜீன் மட்டும் இருக்கும், நோய் இருக்காது, கேரியர்னு சொல்லுவோம்), மூத்த பையனுக்கு மேஜர், அதாவது நோயே வந்திருச்சு, மூணு வாரத்துக்கு ஒருக்கா ரத்தம் ஏத்திட்டிருக்காங்க. கூட வந்த மாமியார் கேட்டாங்க, "நாலுல ஒண்ணுக்கு வரும்னு சொன்னீங்கல்ல டாக்டரம்மா, அந்த ஒண்ணுதான் வந்துருச்சே, இனி பொறக்குற மூணுக்கும் ஒண்ணும் ஆகாதுல்ல?" அவங்க பையன், அதாவது அந்தப் புருஷன், இஞ்சினியர், உடனே குறுக்க வந்து "அப்படி இல்லம்மா, ரெண்டு புள்ளைக்கும் வரணும்னா கால் இன்ட்டு கால், பதினாறுல ஒண்ணுதான், பயப்படாத"ங்கிறார்.

ரெண்டுமே தப்பு. அம்மா படிக்காததால தப்பு, பையன் படிச்சதால தப்பு.

ஸ்கூல்ல சாரா நிகழ்ச்சி, ஒன்றையொன்று விலக்கும் நிகழ்ச்சினு ரெண்டு படிச்சிருப்போம். முக்கால்வாசி பேர் ரெண்டும் ஒண்ணுதான்னு நினைச்சிட்டிருக்காங்க, 'தனித்தனி'னு ஒரே வார்த்தையில போட்டு மூடிர்றாங்க. உண்மையில ரெண்டும் நேர் எதிர். ஒரே கர்ப்பத்தை எடுத்துக்கோங்க, குழந்தை மேஜரா இருக்க கால், மைனரா இருக்க அரை, எதுவுமே இல்லாம இருக்க கால். ஒண்ணு ஆச்சுன்னா மத்த ரெண்டும் ஆக முடியாது, அதான் விலக்குறது, இங்க கூட்டலாம், நோய் இல்லாம பொறக்க முக்கால். ஆனா முதல் கர்ப்பமும் ரெண்டாவது கர்ப்பமும் ஒண்ணையொண்ணு விலக்காது, ஒண்ணு இன்னொண்ணைக் கண்டுக்கவே கண்டுக்காது, அதான் சாராதது. அந்தம்மா சாராததை விலக்குறதா நினைச்சிட்டாங்க. ஒவ்வொரு தடவையும் சீட்டு புதுசா குலுக்குறாங்க, அடுத்த மூணும் தப்பிக்கிறதுக்கு முக்காலை மூணு தடவை போட்டுப் பெருக்கணும், 27/64, அதாவது நூத்துக்கு 42தான். பையன் சொன்ன பதினாறுல ஒண்ணு, ஒரு குழந்தையும் பொறக்காதப்போ போட வேண்டிய கணக்கு. முதல் புள்ளை பொறந்தாச்சு, அதை இனிமே பெருக்கக் கூடாது, அடுத்ததுக்கு மறுபடியும் அதே கால்.

சரி, சாராததா இல்லையானு எப்படி டெஸ்ட் பண்றது? A-யோட வாய்ப்பு, B-யோட வாய்ப்பு, ரெண்டும் சேர்ந்து நடக்கிற வாய்ப்பு, இந்த மூணு நம்பர் போதும். முதல் ரெண்டைப் பெருக்கினா மூணாவது வந்தா சாராதது, மூணாவது சைபரா இருந்தா விலக்குறது, ரெண்டும் இல்லனா ஏதோ ஒரு சார்பு இருக்கு. தலசீமியாவுல நோயுள்ள குழந்தை 1/4, ஆம்பளப்புள்ள 1/2, நோயுள்ள ஆம்பளப்புள்ள 1/8, கணக்கு ஒத்துப்போகுது. இப்ப அம்மா மட்டும் ஹீமோஃபிலியா (ரத்தம் சரியா உறையாத நோய்) கேரியர், அப்பாவுக்கு ஒண்ணும் இல்லங்கிற வீட்டைப் பாருங்க. நோயுள்ள குழந்தை 1/4, ஆம்பளப்புள்ள 1/2, ஆனா நோயுள்ள ஆம்பளப்புள்ள 1/8 இல்ல, 1/4. ஏன்னா அந்த ஜீன் எக்ஸ் குரோமோசோம்ல இருக்கு, பையனுக்கு இருக்கிறது ஒரே எக்ஸ், அதுவும் அம்மாகிட்ட இருந்து வர்றது. பொண்ணா பொறந்தா அப்பாவோட நல்ல எக்ஸும் கிடைச்சிரும், அதனால பொண்ணு, நோய் ரெண்டும் சேர்றது சைபர்னு வச்சுக்கலாம் (கேரியர் பொண்ணுகளுக்கும் சில பேருக்கு ரத்தம் உறையாத தொந்தரவு இருக்கும், அது வேற கதை). பொண்ணுன்னு தெரிஞ்ச உடனே நோயோட வாய்ப்பு காலுல இருந்து சைபருக்குப் போயிருது பாருங்க, இதைவிட பெரிய சார்பு வேற என்ன இருக்கு? விலக்குற நிகழ்ச்சிகள் சாராததா இருக்கவே முடியாதுனு நான் சொல்றது இதைத்தான், ரெண்டுல ஒண்ணோட வாய்ப்பே சைபரா இருந்தா மட்டும் தான் விதிவிலக்கு.

நம்ம ஊர்ல அதிகமா அடிவாங்குறது இன்னொரு இடத்துல, சொந்தத்துல கட்டுறது. சும்மா கணக்குக்கு நூத்துக்கு 4 பேர் கேரியர்னு வைங்க. சொந்தமில்லாத ரெண்டு பேர் கட்டினா ரெண்டு பேரும் கேரியரா இருக்க 0.04 இன்ட்டு 0.04, பத்தாயிரத்துக்கு 16 ஜோடி. தாய்மாமனைக் கட்டினா இந்தப் பெருக்கல் செல்லாது, பொண்ணு கேரியர்னா மாமனும் கேரியரா இருக்க நூத்துக்கு 4 இல்ல, காலுக்குக் குறையாம இருக்கும், ஒரே பாட்டி தாத்தா ஜீன்தானே ரெண்டு பேர்கிட்டயும். பத்தாயிரத்துக்கு 16 இருந்தது சுமார் 100 ஆயிரும்.

இந்தப் பெருக்கல் தப்பு ஒருத்தரை ஜெயிலுக்கே அனுப்பியிருக்கு. இங்கிலாந்துல சாலி கிளார்க்னு ஒரு அம்மா, ரெண்டு கைக்குழந்தைகளும் திடீர்னு இறந்துபோச்சு, அவங்களே கொன்னுட்டாங்கன்னு கேஸ். கோர்ட்டுல ராய் மெடோங்கிற குழந்தை மருத்துவர், ஒரு குழந்தை அப்படி காரணம் தெரியாம தானா இறக்க 8,543ல ஒண்ணு, ரெண்டுன்னா 7 கோடியே 30 லட்சத்துல ஒண்ணுனு சொன்னார். ஒரே வீடு, ஒரே ஜீன், அதை எப்படிய்யா சாராததுனு பெருக்குவீங்க? 1999ல ஆயுள் தண்டனை, 2003ல தான் விடுதலை.

லேப் ரிப்போர்ட்லயும் இதே தான். "ரெண்டு தடவை பாத்துட்டோம் மேடம், ரெண்டுலயும் நார்மல்"ம்பாங்க. தலசீமியா கேரியரானு தெரிஞ்சுக்க ரத்தத்துல ஹெச்பிஏ2ங்கிற ஒரு வகை ஹீமோகுளோபின் கூடியிருக்கானு பாப்போம், உடம்புல இரும்புச்சத்து ரொம்பக் குறைஞ்சிருந்தா அந்த அளவு இறங்கிக் காட்டலாம், அதே நிலைமையில ரெண்டாவது தடவை எடுத்தாலும் அதே காரணத்தால அதே தப்பு தான் வரும், அது ரெண்டு சாட்சி இல்ல, ஒரே சாட்சி ரெண்டு தடவை பேசுறது.

அந்தக் குடும்பத்துக்கு நான் சொன்னது, அடுத்த கர்ப்பத்துக்கு முன்னாடியே ரெண்டு பேரோட மியூட்டேஷனையும் (ஜீன்ல இருக்கிற பிழையை) கண்டுபிடிச்சு வச்சுக்கோங்க, கர்ப்பமானா 11ல இருந்து 14 வாரத்துக்குள்ள நஞ்சுக்கொடித் திசு டெஸ்ட் எடுக்கலாம்னு. மாமியார் கொஞ்ச நேரம் யோசிச்சிட்டு, "அப்ப அந்த டெஸ்ட்டுலயும் நாலுல ஒண்ணுன்னு தான் வருமா?"னு கேட்டாங்க. இல்லம்மா, அங்க இந்தக் குழந்தைக்கு என்னங்கிறதே தெரிஞ்சிரும்னேன்.