கச்சான் காற்றும் ஹைபிரிட் பற்றரியும்

போன ஆனி மாதம் ஒரு மத்தியானம், மட்டக்களப்பில் ஆரையம்பதிப் பக்கத்துக் கராஜ் ஒன்றில் என்னுடைய டொயோட்டா அக்வாவின், அதாவது பெற்றோல் என்ஜினும் மின் மோட்டரும் சேர்ந்து ஓட்டுகிற ஹைபிரிட் காரின், பின் சீட்டைக் கழற்றி வெளியே வைத்தார்கள். சீட்டுக்குக் கீழே இருக்கிற தகரப் பெட்டிதான் ஹைபிரிட் பற்றரி. அதோடு ஒட்டினாற்போல, நத்தை ஓடு மாதிரி வளைந்த ஒரு கூட்டுக்குள் சின்ன ஃபேன் ஒன்று இருந்தது. மெக்கானிக் அண்ணன் கூட்டைத் திறந்து காட்டினார். ஃபேன் இதழ்களுக்கு நடுவே சாம்பல் நிறத்தில் கம்பளம் மாதிரி ஏதோ படிந்திருந்தது. ஸ்க்ரூ டிரைவர் முனையால் கிளறிப் பார்த்தோம். தலைமுடி, துணிப் பஞ்சு, கல்லடிக் கடற்கரை மணல், அதோடு நெல்லுத் தூசி. அறுவடைக் காலத்தில் ரோட்டோரமே நெல் காயப்போடுகிற ஊர்களுக்குள்ளால்தானே தினமும் ஓடுகிறோம்.

"மூக்கை அடைச்சுப் போட்டு ஓடச் சொன்னா, மறுகா அது சூடாகாம என்ன செய்யும் தம்பி?" என்றார்.

இரண்டு நாளுக்கு முன்னர்தான் அம்பாறையிலிருந்து திரும்பி வரும்போது, டாஷ்போர்டில் சிவப்பு முக்கோணம் எரிந்தது. முதலில் போன இடத்தில் ஸ்கேனரைப் போட்டார்கள். பி0ஏ80 என்ற பிழைக் குறியீடு வந்தது. உடனே "முழுப் பற்றரியும் போச்சு, மாத்தத்தான் வேணும்" என்று சொல்லிவிட்டார்கள். அந்தக் குறியீட்டுக்குக் கையேட்டில் போட்டிருக்கிற அர்த்தமும் அதுதான், பற்றரியை மாற்று என்பது. ஆனால் பற்றரிக்குள் உண்மையில் என்ன நடந்தது என்பதை அந்தக் குறியீடு சொல்வதில்லை. அதைத் தெரிந்துகொண்டால் நமது பக்கத்து வெயிலில் இந்தக் கார்களை எப்படி வைத்திருக்க வேண்டும் என்பதும் விளங்கும்.

முதலில் அந்தப் பெட்டிக்குள் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்போம். 2011 கடைசியில் ஜப்பானில் வெளிவந்த முதல் அக்வாவில் இருப்பது நிக்கல் மெற்றல் ஹைட்ரைட் வகைப் பற்றரி. ஒரு செல் 1.2 வோல்ட். ஆறு செல் சேர்ந்தது ஒரு மொடியூல், 7.2 வோல்ட். இருபது மொடியூல்களைத் தொடராகக் கோர்த்தால் 144 வோல்ட். கொள்ளளவு 6.5 அம்பியர் மணி. பெருக்கினால் 936 வாட் மணி வரும், அதாவது ஒரு கிலோவாட் மணிகூட இல்லை. ஒரு லீற்றர் பெற்றோலில் ஏறக்குறைய 9 கிலோவாட் மணி வெப்பசக்தி இருக்கிறது. ஆக, இவ்வளவு விலையான பெட்டி முழுதாக நிறைந்தாலும் அதிலிருப்பது சுமார் நூறு மில்லிலீற்றர் பெற்றோலின் சக்திதான். ஒரு பிளேன்ரீக் கோப்பைகூட நிறையாது.

அதிலும் முழுவதையும் கார் தொடுவதில்லை. 40 சதவீதத்துக்குக் கீழே இறங்காமலும் 80 சதவீதத்துக்கு மேலே ஏறாமலும் கணினி பார்த்துக்கொள்கிறது. இந்த வகை செல்லுக்கு அடிவரை வெறுமையாவதும் விளிம்புவரை நிறைவதும் கூடாது. பத்து வருஷம் தாண்டியும் பல பற்றரிகள் உயிரோடு இருப்பதற்கு இந்தக் கட்டுப்பாடுதான் முக்கிய காரணம்.

இவ்வளவு சின்னப் பற்றரி எப்படிப் பெற்றோலை மிச்சம் பிடிக்கிறது? அது சேமித்து வைக்கிற களஞ்சியம் அல்ல, கைமாற்றுக் கொடுத்து வாங்குகிற பெட்டி. பெற்றோல் என்ஜின் ஓரளவு பாரத்தோடு ஓடும்போதுதான் நன்றாக வேலை செய்யும். நின்ற இடத்தில் உறுமுவதும், தவழ்ந்து தவழ்ந்து போவதும் அதற்கு வீண் செலவு. அந்த வீண் நேரங்களில் என்ஜினை அணைத்துவிட்டு மோட்டரால் ஓட்டுவதற்கும், பிரேக் பிடிக்கும்போது வருகிற சக்தியை வாங்கிக்கொள்வதற்கும்தான் பற்றரி. ஆட்களோடு 1,200 கிலோ என்று வைத்துக்கொண்டால், 50 கிலோமீற்றர் வேகத்தில் போகிற காரிடம் சுமார் 32 வாட் மணி இயக்கசக்தி இருக்கும். சாதாரணக் காரில் அது பிரேக் தட்டைச் சூடாக்கிவிட்டுக் காற்றில் போய்விடும். இதிலோ அதில் ஒரு பங்கு திரும்பி வருகிறது.

காத்தான்குடிக்குள்ளால் பின்னேரம் ஓட்டிப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். ஆட்டோ, சைக்கிள், ரோட்டைக் கடக்கிறவர்கள் என்று நூறு மீற்றருக்கு ஒருமுறை பிரேக். ஹைபிரிட்டுக்கு அது நல்ல இடம். வாழைச்சேனை தாண்டிப் புணாணை, வெலிக்கந்தைப் பக்கம் நேராகக் கிடக்கிற ரோட்டில் 80இல் ஓடும்போது பற்றரிக்குப் பெரிய வேலை இல்லை. அங்கே கிடைக்கிற மிச்சம் என்ஜினின் அமைப்பால் வருவது. முதல் அக்வாவுக்கு ஜப்பானியச் சோதனை முறையில் லீற்றருக்கு 35.4 கிலோமீற்றர் என்று அறிவித்திருந்தார்கள். எனக்கு நன்றாக ஓடிய காலத்திலேயே 21, 22 தான் கிடைத்தது. அந்தச் சோதனையில் நமது வெயிலும் இல்லை, ஏசியும் இல்லை.

மலை இறக்கத்தில் இன்னொன்று நடக்கும். பதுளையிலிருந்து லுணுகலை வழியாகப் பிபிலைக்கு இறங்கும்போது திடீரென்று என்ஜின் உறுமத் தொடங்கும். பயப்படத் தேவையில்லை. 500 மீற்றர் உயரம் இறங்குகிற 1,200 கிலோ கார் விட்டுவிட வேண்டிய சக்தி 1.6 கிலோவாட் மணி. முழுப் பற்றரியே 0.94 தான். அது நிறைந்ததும் வாங்க மறுத்துவிடும். மீதியை விழுங்குவதற்கு எரிபொருள் இல்லாமலே என்ஜினைச் சுழற்றுகிறது கார்.

இனிச் சூட்டுக்கு வருவோம். விஷயமே அங்கேதான் இருக்கிறது.

முழுசாக மிதித்து ஒரு பஸ்ஸை முந்துகிறீர்கள் என்று வைப்போம். அக்வாவின் என்ஜின் 74 குதிரைவலு, மோட்டரோடு சேர்ந்து மொத்தம் 100. அந்த மேலதிக 26 பற்றரியிலிருந்து வருகிறது, அதாவது சுமார் 19 கிலோவாட். 144 வோல்ட்டில் அது 130 அம்பியரளவு மின்னோட்டம். மின்னோட்டம் இரண்டு மடங்கானால் செல்லின் உள்தடையில் பிறக்கிற சூடு நாலு மடங்கு. சார்ஜ் ஏறும்போதும் இதே கதைதான். கூடவே, செல் நிறைந்துகொண்டு வரும்போது உள்ளே போகிற மின்சாரத்தின் ஒரு பகுதி சேமிப்பாகாமல் நேராகச் சூடாகிறது.

சூடு செல்லுக்குள்ளே இரண்டு வேலை செய்கிறது. ஒன்று, நீர்த்தன்மையான மின்பகுபொருள் மெல்ல மெல்ல வற்றுகிறது. மற்றது, எதிர்முனையின் (மைனஸ் பக்கத்தின்) கலப்பு உலோகம் அரிக்கப்படுகிறது. இந்த மாதிரி இரசாயனத் தாக்கங்கள் 10 பாகை கூடினால் ஏறக்குறைய இரட்டிப்பு வேகமாகும் என்பது பொதுவான கணக்கு. வற்றிய செல்லின் உள்தடை கூடும். தடை கூடினால் அது இன்னும் சூடாகும், சூடானால் இன்னும் வற்றும். ஒருமுறை இந்தச் சுற்றுக்குள் விழுந்த செல் திரும்பி வராது.

120 செல்லும் ஒரே மாதிரிக் கெடுவதில்லை. நடுவில் இருப்பவை அதிகம் சூடாகும், காற்று முதலில் படுகிற பக்கம் தப்பிக்கும். தொடராகக் கோர்த்திருப்பதால் எல்லாவற்றுக்குள்ளாலும் ஒரே மின்னோட்டம்தான் போகும். வெள்ள நேரத்தில் மண் மூட்டையைக் கைமாற்றிக் கொடுக்கிற வரிசையை நினைத்துப் பாருங்கள். ஒருவர் களைத்துப் போனாலும் பின்னால் நிற்பவர் மூட்டையை நீட்டிக்கொண்டே இருப்பார். பலவீனமான செல் மற்றவற்றுக்கு முன்பே வெறுமையாகிவிடும், ஆனாலும் மற்ற 119உம் அதற்குள்ளால் மின்னோட்டத்தைத் தள்ளும். கடைசியில் அந்தச் செல்லின் முனைகளே தலைகீழாகிச் செத்துப்போகிறது. செத்த செல் தன் 1.2 வோல்ட்டைக் குறைத்துவிடும். கணினி மொடியூல் கூட்டங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டுக்கொண்டே இருப்பதால் இந்த வித்தியாசத்தைப் பிடித்துச் சிவப்பு முக்கோணத்தைப் போடுகிறது.

இந்தச் சூட்டை வெளியே கொண்டுபோவதற்கு இருக்கிற ஒரே ஆள் அந்தச் சின்ன ஃபேன்தான். அது எந்தக் காற்றை எடுக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. வெளிக் காற்றை அல்ல, நாம் உட்கார்ந்திருக்கிற கபினின் காற்றைத்தான். பின் சீட்டின் ஓரத்தில் சின்னக் கிராதி போட்ட துவாரம் ஒன்று இருக்கும். அதுதான் பற்றரியின் மூக்கு. என் காரில் அந்த மூக்கின்மேலேதான் சந்தைக்குப் போய் வரும்போதெல்லாம் அம்மாவின் பன் பை (பன் புல்லில் பின்னியது) சாய்ந்திருக்கும். அத்தனை வருஷமும் நான் கவனித்ததில்லை.

கச்சான் காலத்தை இதோடு சேர்த்துப் பாருங்கள். வைகாசி தொடங்கினால் மேற்கிலிருந்து காய்ந்த சூட்டுக் காற்று அடிக்கும். மத்தியானத்தில் 35 பாகையைத் தாண்டும். வெயிலில் மூடி நிறுத்திய காருக்குள்ளே 50க்கு மேல் போவது சாதாரணம். அந்த நேரத்தில் பெற்றோல் மிச்சம் பிடிக்க ஏசியை அணைத்து, கண்ணாடியை இறக்கிவிட்டு ஓடுகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். நானும் அப்படித்தான் ஓடினேன். பழைய கரோலாவில் அது சரியான கணக்கு. ஹைபிரிட்டில் அது பிழை. ஏசி போட்டால் பற்றரி 25, 26 பாகைக் காற்றை மூச்சிழுக்கும். அணைத்தால் கச்சானையே இழுக்கும், மணலும் தூசியும் சேர்த்து. பெற்றோலில் மிச்சம் பிடித்ததாக நினைத்த காசை நான் பற்றரியில் கொடுத்திருக்கிறேன்.

இன்னொரு பக்கமும் உண்டு. அக்வாவின் ஏசி கொம்பிரஷர் பெல்ட்டில் ஓடுவதல்ல, இந்தப் பற்றரியில் ஓடுவது. பிள்ளைக்காகப் பள்ளிக்கூட வாசலில் ஏசி போட்டுக் காத்திருந்தால் ஒரு கிலோவாட்டளவு இழுக்கும். 40க்கும் 80க்கும் நடுவே கிடைக்கிற 370 வாட் மணியில் கூடினால் இருபது நிமிஷமளவுதான் தாங்கும், பிறகு என்ஜின் எழும்பிச் சார்ஜ் போடும், பிறகு அணையும், பிறகு எழும்பும். ஆகவே ஓடும்போது ஏசி போடுங்கள், நிற்கும்போது நிழல் தேடுங்கள். வெயிலில் நின்ற காரை எடுத்ததும் முதல் இரண்டு நிமிஷம் கண்ணாடியைத் திறந்து சூட்டை விரட்டிவிட்டு அப்புறம் மூடலாம்.

கராஜுக்குத் திரும்புவோம். பற்றரியின் மின்சாரத்தைத் துண்டிக்கிற, ஆரஞ்சு நிறப் பிடி கொண்ட சேர்விஸ் பிளக்கைக் கழற்றி, பத்து நிமிஷம் பொறுத்திருந்து, தடித்த ரப்பர் கையுறையோடுதான் அண்ணன் பெட்டியைத் திறந்தார். 144 வோல்ட் நேர் மின்னோட்டம் ஆளைக் கொல்லக்கூடியது. ஃபேன் துவாரத்தைத் துடைப்பது நம்முடைய வேலை. பெட்டியைத் திறப்பது தெரிந்தவர்களுடைய வேலை.

இருபது மொடியூலையும் மல்டிமீற்றரால் தொட்டுப் பார்த்தார். எல்லாம் 7.7, 7.8. ஒன்றும் தெரியவில்லை. பிறகு 55 வாட் ஹெட்லைற் பல்பு ஒன்றை எடுத்து, ஒவ்வொரு மொடியூலிலும் இரண்டு நிமிஷம் எரியவிட்டுப் பார்த்தார். மங்கலான மஞ்சள் வெளிச்சம். முதலாவது 7.5இல் நின்றது. இரண்டாவதும் அப்படியே. பதினொன்றாவதில் மீற்றர் 7.4, 7.1 என்று இறங்கி, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே 6.3க்கு விழுந்தது. ஒரு செல்லின் சாவு. நடுவில் இருந்த மொடியூல்தான், சந்தேகமே இல்லை. சும்மா நிற்கும்போது நல்லவன் மாதிரி இருப்பதும் பாரம் ஏறினால் விழுவதுமாக இருப்பதால், வெறும் வோல்ட்டைப் பார்த்துப் பற்றரி நல்லது என்று சொல்பவரிடம் காசு கொடுக்காதீர்கள்.

மொடியூல்களை இணைக்கிற செப்புத் தகடுகளில் பச்சை பூத்திருந்தது. கடலுக்கும் வாவிக்கும் நடுவில் குடியிருக்கிறோம், உப்பும் ஈரமும் கலந்த காற்றைத்தான் ஃபேன் அதன்மேல் ஊதுகிறது. அரிப்புப் பிடித்த தகடு வோல்ட்டைப் பிழையாகக் காட்டி, நல்ல மொடியூலையும் கெட்டதாக்கிவிடும். தகடுகளைச் சுத்தம் செய்ததோடு முக்கோணம் அணைந்துபோன கார்களும் உண்டு. என் காருக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

ஒரு மொடியூலை மட்டும் மாற்றினால் போதுமா? நேர்மையான பதில், காலம் வாங்கலாம் என்பதுதான். மற்ற பத்தொன்பதும் அதே வெயிலில் அதே வருஷங்கள் கிழண்டவை, அடுத்தது எது என்பது மட்டும்தான் தெரியாது. போடுகிற மொடியூலின் கொள்ளளவு மற்றவற்றோடு பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் அதுவே வரிசையின் புதிய பலவீனமாகும். 2020 பங்குனியில் நிறுத்திய வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 மாசியில்தான் திரும்பத் திறந்தது. அந்த ஐந்து வருஷமும் ரோட்டில் நின்ற ஹைபிரிட்கள் எல்லாம் சேர்ந்து கிழண்டன. 2022இல் பெற்றோல் இல்லாமல் வாரக்கணக்கில் நிறுத்திவைத்தபோது செல்கள் ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவில் தானாகச் சார்ஜ் இறங்கின. சமநிலை குழம்பியது பலருக்கு அந்த நேரத்தில்தான். நிறுத்திவைக்க நேர்ந்தால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது அரை மணி நேரம் ஓட்ட வேண்டும். இல்லாவிட்டால் சின்ன 12 வோல்ட் பற்றரியும் இறங்கி, கார் எழும்பாமல், ஹைபிரிட் பற்றரிதான் போய்விட்டது என்று வீணாகப் பயப்படுத்தும்.

எனக்கு இரண்டு மொடியூல்கள் மாற்றினார்கள். விழுந்தது ஒன்று, விழப்போகிறது போலிருந்த அதன் பக்கத்தது ஒன்று. ஃபேனைப் பிரஷ்ஷால் துடைத்து, காற்றடித்து, தகடுகளை மினுங்க வைத்துப் பூட்டினார்கள். 17க்கு இறங்கியிருந்த மைலேஜ் 21க்குத் திரும்பியது. பின் சீட்டிலிருந்து கொஞ்ச நாளாகக் கேட்ட உஸ் என்ற இரைச்சலும் நின்றது. அது ஃபேன் மூச்சு முட்டி முழு வேகத்தில் ஓடிய சத்தம் என்று இப்போதுதான் தெரிகிறது. அந்தச் சத்தமும் இறங்கிய மைலேஜும்தான் முக்கோணத்துக்கு முன்பே கார் சொல்கிற செய்தி.

இப்போது சித்திரை வருஷம் முடிந்த கையோடு, கச்சான் தொடங்குமுன், துவாரத்தையும் ஃபேனையும் துடைத்துவிடுகிறேன். அரை மணி நேர வேலை. சந்தைக்குப் போய் வரும்போது அம்மா பன் பையை மடியில் வைத்துக்கொள்கிறார்.