எல்லைதாண்டு காற்றுமாசு: ஒரு சொல் விளக்கம்

ஒரு நாட்டு ஆலையின் புகை பக்கத்து நாட்டின் பயிரையும் காட்டையும் மனிதர்களின் மூச்சையும் கெடுப்பதை ஆங்கிலத்தில் ‘டிரான்ஸ்பவுண்டரி ஏர் பொல்யூஷன்’ என்கிறார்கள். நாம் பெரும்பாலும் ‘எல்லை கடந்த காற்று மாசு’ என்று எழுதிவிடுகிறோம். இந்தத் தொடர் எனக்கு நெடுநாளாக உறுத்தல். ‘எல்லை கடந்த அன்பு’ என்றால் அளவில்லாத அன்பு. அந்த வழக்கில் பழகிய காதுக்கு, ‘எல்லை கடந்த மாசு’ என்றதும் மாசு அளவு மீறிவிட்டது என்றுதான் படும். ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் போனது என்று படாது.

முதலில் ‘மாசு’. அழுக்கு, கறை, குற்றம் மூன்றுக்கும் பழந்தமிழில் இந்த ஒரே சொல்தான். ‘மனத்துக்கண் மாசிலன் ஆதல்’ என்னும்போது வள்ளுவர் சொல்வது மனக்குற்றத்தை. லத்தீனிலிருந்து வந்த ‘பொல்யூஷன்’ என்ற சொல்லும் தொடக்கத்தில் தீட்டையும் ஒழுக்கக் கேட்டையுமே குறித்தது. ஆலைப் புகைக்கும் ஆற்றுக் கழிவுக்கும் அது பெயரானது பிற்காலத்தில். ஆகவே ‘மாசு’ மிகப் பொருத்தமான சொல். அழுக்கும் குற்றமும் ஒன்றாக நிற்கும் சொல் வேறு எத்தனை மொழிகளுக்குக் கிடைத்திருக்கும்!

சிக்கல் அதை வினையாக்கும்போது வருகிறது. ‘காற்று மாசுபட்டது’ என்பது தன்வினை. யார் செய்தார் என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை. ‘காற்றை மாசுபடுத்தினார்கள்’ என்பது பிறவினை. செய்தவர் இல்லாமல் அந்த வாக்கியம் நிற்காது. நாடுகளுக்கு இடையிலான வழக்குகள் எல்லாமே இந்த ‘படு’வுக்கும் ‘படுத்து’க்கும் நடுவில்தான் நடக்கின்றன.

டிரெயில் வழக்கையே பாருங்கள். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், கொலம்பியா ஆற்றங்கரையில் இருக்கும் ஊர் டிரெயில். அங்கே ஈயமும் துத்தநாகமும் உருக்கும் ஆலை ஒன்று உண்டு. அமெரிக்க எல்லை அங்கிருந்து நேர்கோட்டில் சுமார் 7 மைல். 1925இலும் 1927இலும் 409 அடி உயரப் புகைபோக்கிகள் இரண்டு எழுந்தன, உற்பத்தியும் பெருகியது. கந்தக டை ஆக்சைடு ஆற்றுப் பள்ளத்தாக்கின் வழியே இறங்கி, வாஷிங்டன் மாநில உழவர்களின் வயல்களில் படிந்தது. அந்த வாயு இலையின் நுண்துளைகள் வழியே உள்ளே புகும். நரம்புகள் பச்சையாகவே இருக்க, அவற்றுக்கு இடைப்பட்ட பகுதி வெளிறிக் காய்ந்துபோகும். அந்த இலையைக் கையில் வைத்திருந்த உழவருக்கு ‘மாசுபட்டது’ என்ற சொல் போதாது, ‘யார் படுத்தியது?’ என்பதுதான் அவர் கேள்வி.

இரு நாட்டுக் கூட்டு ஆணையம் 1931இல் 3,50,000 டாலர் இழப்பீட்டைப் பரிந்துரைத்தது. புகை நிற்கவில்லை. 1935 உடன்படிக்கைப்படி மூவர் அடங்கிய நடுவர் மன்றம் அமைந்தது. அது 1938இல் மேலும் 78,000 டாலர் தரச் சொன்னது. 1941இல் வந்த இறுதித் தீர்ப்பின் சாரம் இது: தன் மண்ணிலிருந்து கிளம்பும் புகையால் இன்னொரு நாட்டின் மண்ணுக்கோ, மக்களுக்கோ, உடைமைக்கோ கேடு செய்யவும், செய்ய விடவும் எந்த நாட்டுக்கும் உரிமை இல்லை; ஆனால் இந்த விதி பொருந்த, கேடு கடுமையானதாகவும் தெளிவாக மெய்ப்பிக்கப்பட்டதாகவும் இருக்க வேண்டும். ‘விடவும்’ என்ற இடத்தைக் கவனியுங்கள். புகை தனியார் ஆலையுடையது; பொறுப்பு அதைத் தன் மண்ணில் அனுமதித்த நாட்டுடையது. அந்த விதியில் ‘டிரான்ஸ்பவுண்டரி’ என்ற சொல் இல்லை, ‘புகை’தான் இருக்கிறது.

‘டிரான்ஸ்பவுண்டரி’ 1979இல் ஜெனீவாவில் உருவான காற்றுமாசு உடன்படிக்கையின் பெயரிலேயே இடம்பெற்றது. அந்த உடன்படிக்கை காற்று மாசுக்குத் தரும் வரையறையில் ‘மனிதரால்’ என்ற சொல் வெளிப்படையாக இருக்கிறது. அதைத் தமிழாக்கும்போது ‘காற்று மாசுபடுதல்’ என்று எழுதினால் அந்த மனிதர் காணாமல் போய்விடுகிறார். செயலைக் குறிக்க ‘மாசுபடுத்தல்’, பொருளைக் குறிக்க ‘மாசு’ என்று பிரித்து எழுதுவதே சரி.

இனி ‘டிரான்ஸ்’ என்ற முன்னொட்டு. ‘நாடு கடந்த’ என்றால் ‘நாடு கடத்தல்’ நினைவுக்கு வந்து குழப்பும். ‘தாண்டு’ நல்ல வினை. தாண்டக்கூடாத கோடு ஒன்று இருக்கிறது என்ற குறிப்பு அதில் உண்டு. ஆனால் ‘தாண்டிய’ என்றால் முடிந்துபோன செயல். டிரெயில் மன்றம் நடந்த கேட்டுக்கு இழப்பீடும் விதித்தது. இனி எந்தப் பருவத்தில், எந்தக் காற்றில், எவ்வளவு கந்தகம் வெளியிடலாம் என்று வரையறையும் செய்தது. மூன்று காலமும் அதில் அடங்கியிருந்தன. மூன்று காலத்தையும் ஒரே சொல்லில் அடக்கத் தமிழில் வினைத்தொகை இருக்கிறது. ‘மாசில் வீணையும் மாலை மதியமும் வீசு தென்றலும்’ என்ற அப்பர் வரியில் ‘வீசு தென்றல்’ வீசிய, வீசுகிற, வீசும் தென்றல். அதே அமைப்பில்தான் ‘எல்லைதாண்டு காற்றுமாசு’ என்கிறேன்.

ஜெனீவா உடன்படிக்கையின் பெயரில் ‘நெடுந்தொலைவு’ என்ற அடையும் உண்டு. எந்த ஆலையின் பங்கு எவ்வளவு என்று பொதுவாகப் பிரித்தறிய முடியாத தொலைவு என்று அதற்கு விளக்கம் தருகிறார்கள். புகைபோக்கியை உயர்த்தினால் உள்ளூர்க் காற்று தெளியும். கந்தகம் இன்னும் மேலே போய், தொலைவில் அமில மழையாக இறங்கும். டிரெயிலில் விரல் நீட்ட ஓர் ஆலை இருந்தது; இங்கே இல்லை. அதனால்தான் அந்த உடன்படிக்கையின் கீழ் வந்த 1985 ஹெல்சிங்கி நெறிமுறை ஆலைகளைத் தேடாமல், ஒவ்வோர் உறுப்பு நாடும் தன் கந்தக வெளியீட்டை 1980 அளவிலிருந்து குறைந்தது 30 விழுக்காடு குறைக்க வேண்டும் என்று 1993ஐக் கெடுவாக வைத்தது. இதைத் தமிழில் எழுதும்போதும் ‘மாசுபடுத்தின’ என்றே முடிக்கலாம். எழுவாய் மட்டும் ‘ஆலைகள்’ அல்ல, ‘நாடுகள்’.