ஆண்ட்ரோமீடா 25 லட்சம் ஒளியாண்டு: யார் அளந்தது, எப்படி?

ஆண்ட்ரோமீடா விண்மீன் திரள் நம்மிடமிருந்து 25 லட்சம் ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது என்று எங்கேயாவது படித்திருப்பீர்கள். ஒளியாண்டு என்றால் ஒளி ஓராண்டில் கடக்கும் தூரம், கிட்டத்தட்ட 9.46 லட்சம் கோடி கிலோமீட்டர், அதையும் பரீட்சைக்காக மனப்பாடம் செய்திருப்பீர்கள். ஆனால் அந்த 25 லட்சம் எங்கிருந்து வந்தது? அங்கே யாரும் போய்வந்ததில்லை. ரேடார் அலையை அனுப்பிப் பார்க்கலாம் என்றால் பதில் வந்து சேர 50 லட்சம் வருஷம் காத்திருக்க வேண்டும். வானியலில் எனக்கு ரொம்பப் பிடித்தது கருந்துளையோ பெருவெடிப்போ கிடையாது, இந்தத் தூரக் கணக்குதான். ஒவ்வொரு படியாக ஏறிப் போகலாம், எந்தப் படியிலும் "பெரியவர்கள் சொன்னால் சரி" என்று தலையாட்ட வேண்டியதில்லை.

பக்கத்தில் இருப்பதிலிருந்து ஆரம்பிப்போம். 1619இல் கெப்லர் ஒரு விதியை வெளியிட்டார்: ஒரு கோள் சூரியனைச் சுற்ற எத்தனை ஆண்டு எடுக்கிறதோ அதன் வர்க்கம், சூரியனிலிருந்து அதன் சராசரித் தூரத்தின் கனத்துக்குச் சமம் (தூரத்தை, பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தின் மடங்காகச் சொல்ல வேண்டும்). குருப்பெயர்ச்சி சுமார் ஆண்டுக்கு ஒருமுறை வருகிறது, பன்னிரண்டு ராசிகளையும் சுற்றிவர வியாழனுக்குச் சரியாகச் சொன்னால் 11.86 ஆண்டு ஆகிறது. 11.86ஐ அதே எண்ணால் பெருக்கினால் 140.7. எந்த எண்ணை மூன்று தடவை பெருக்கினால் 140.7 வரும்? 5.2. ஆக, வியாழன் பூமியைவிட 5.2 மடங்கு தள்ளி இருக்கிறது. சனிக்கு 29.46 ஆண்டு, கணக்குப் போட்டால் 9.54 மடங்கு. ராசிபலன் பக்கத்தில் எனக்கு நம்பிக்கை கிடையாது, ஆனால் அதில் வரும் பெயர்ச்சித் தேதிகளை வைத்துச் சூரியக் குடும்பத்தின் வரைபடத்தையே போட்டுவிடலாம்.

போடலாம், ஆனால் அந்த வரைபடத்தில் அளவுகோல் இருக்காது. எல்லாமே மடங்குக் கணக்கு. ஏதாவது ஒரு தூரத்தைக் கிலோமீட்டரில் அளந்துவிட்டால் போதும், மற்றதெல்லாம் தானாக வந்துவிடும். அந்த ஒன்றுக்காகத்தான் மனிதர்கள் உலகத்தைச் சுற்றி அலைந்தார்கள். வெள்ளிக் கோள் எப்போதாவது சூரியனுக்கு நேர் குறுக்கே கரும்புள்ளியாக நகர்ந்து போகும். பூமியில் வடக்கே ஒருவரும் தெற்கே ஒருவரும் இருந்து பார்த்தால், அது சூரிய வட்டத்தின் மேல் போகும் பாதை இருவருக்கும் கொஞ்சம் மாறித் தெரியும், கடக்க எடுக்கும் நேரமும் மாறும். இரண்டு இடங்களுக்கும் இடையே உள்ள தூரம் தெரிந்தால் அந்த நேர வித்தியாசத்திலிருந்து சூரியனின் தூரத்தைக் கணக்கிட்டுவிடலாம் என்று 1716இல் ஹேலி வழி சொன்னார். நிகழ்வு வந்தது 1761இலும் 1769இலும். ஹேலி அதற்குள் இறந்துபோனார்.

இந்த இடத்தில் லெ ஜான்டிலைப் பற்றிச் சொல்லாமல் போனால் பாவம். பிரெஞ்சுக்காரர், 1761 நிகழ்வைப் புதுச்சேரியிலிருந்து பார்க்கக் கப்பலேறினார். வந்து சேர்வதற்குள் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்துவிட்டார்கள், கப்பல் திரும்பிவிட்டது, வெள்ளி சூரியனைக் கடந்த நாளில் அவர் நடுக்கடலில் இருந்தார். ஆடுகிற கப்பலிலிருந்து எடுத்த அளவு எதற்கும் உதவாது. சரி, அடுத்தது எட்டு வருஷத்தில் வருகிறதே என்று ஊருக்குத் திரும்பாமல் இந்தப் பக்கத்துக் கடல்களிலேயே சுற்றிக்கொண்டிருந்துவிட்டு, 1768இல் மீண்டும் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்திருந்த புதுச்சேரிக்கு வந்து, ஒரு ஆய்வுக்கூடத்தைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். 1769 ஜூன் 4 காலை, சரியாக அந்த நேரத்துக்கு மேகம் மூடியது. நிகழ்வு முடிந்ததும் வெயில் அடித்தது. அடுத்த வாய்ப்பு 1874இல். 1771இல் பாரிஸ் திரும்பியபோது அவர் செத்துப்போனதாகவே முடிவுகட்டிச் சொத்தைப் பிரிக்க ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. ஆனால் அவருடைய பயணம் முழுக்க வீண் என்று சொல்ல மாட்டேன். புதுச்சேரியில் காத்திருந்த நாட்களில், காகிதமும் பேனாவும் இல்லாமல் சோழிகளை அடுக்கி கிரகணத்தைக் கணிக்கும் தமிழர் முறையைக் கற்று எழுதி வைத்தார்.

மற்றவர்களுக்கு மேகம் மூடவில்லை. டஹீட்டி தீவிலிருந்து சைபீரியா வரை எடுத்த அளவுகளையெல்லாம் சேர்த்து பிரெஞ்சு வானியலாளர் லலாண்ட் 1771இல் சொன்ன விடை சுமார் 15.3 கோடி கிலோமீட்டர். இன்றைய மதிப்பு 14.96 கோடி, அதாவது இரண்டு சதவீதத்துக்குச் சற்றே கூடுதலான பிசகு. 1961இல் வெள்ளிக்கு ரேடார் அலையை அனுப்பி, அது பட்டுத் திரும்பும் நேரத்தை அளந்ததோடு இந்த வேலை முடிந்தது.

இனி நட்சத்திரங்கள். கட்டைவிரலை முகத்துக்கு நேரே நீட்டி, ஒரு கண்ணை மூடிப் பாருங்கள், பிறகு கண்ணை மாற்றுங்கள். பின்னால் இருக்கும் சுவருக்கு எதிரே விரல் தாவும். கையை மடக்கி விரலைக் கிட்டே கொண்டுவந்தால் தாவல் பெரிதாகும். இதற்கு இடமாறு தோற்றம் என்று பெயர். இரண்டு கண்களுக்கும் பதிலாக, பூமி சூரியனின் இந்தப் பக்கம் இருக்கும்போது ஒரு படம், ஆறு மாதம் கழித்து அந்தப் பக்கம் போனதும் இன்னொரு படம். இடையே 30 கோடி கிலோமீட்டர். பக்கத்து நட்சத்திரம் தூரத்து நட்சத்திரங்களுக்கு எதிரே கொஞ்சம் இடம்மாறித் தெரிய வேண்டும். முக்கோணத்தின் அடிப்பக்கம் தெரியும், கோணம் தெரியும், உயரத்தைக் கண்டுபிடிக்கப் பத்தாம் வகுப்புக் கணக்கு போதும்.

கணக்கு சுலபம், அளப்பதுதான் கொடுமை. ஒரு டிகிரியை 3600 பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு விகலை. 2 சென்டிமீட்டர் அகல நாணயத்தை 4 கிலோமீட்டருக்கு அப்பால் வைத்தால் அது ஏறக்குறைய ஒரு விகலை அகலத்தில் தெரியும். சூரியனுக்கு அடுத்து நமக்கு மிக அருகில் உள்ள பிராக்ஸிமா சென்டாரிக்குக்கூட இடமாற்றக் கோணம் 0.77 விகலைதான். கோப்பர்நிக்கஸ் சொன்னபடி பூமி சுற்றுவது உண்மையானால் இந்த நகர்வு எங்கே என்று கேட்டவர்கள் அறிவிலிகள் இல்லை; அதைப் பார்க்கும் கருவி மனிதர்களிடம் இல்லை. 1838இல் ஜெர்மன் வானியலாளர் பெஸ்ஸல் 61 சிக்னி என்ற மங்கலான நட்சத்திரத்துக்கு 0.314 விகலை என்று அளந்து வெளியிட்டார், தூரம் ஏறத்தாழ 10.3 ஒளியாண்டு. இன்றைய மதிப்பு 11.4. அந்தக் காலக் கருவிக்கு இது பிரமாதமான வேலை. 2013இல் ஐரோப்பியர்கள் ஏவிய கையா விண்கலம் நூறு கோடிக்கும் மேற்பட்ட நட்சத்திரங்களுக்கு இதே வேலையைச் செய்தது, கோணங்களை விகலையின் லட்சத்தில் சில பங்கு வரை நுணுக்கமாக அளந்து. அதுவும் நம் பால்வீதிக்குள்ளும் அதன் ஓரத்திலும்தான். ஆண்ட்ரோமீடாவுக்கு இந்த முறை எட்டாது.

எட்டாத இடத்தில் வெளிச்சத்தை நம்ப வேண்டியதுதான். ஒரு விளக்கு இரண்டு மடங்கு தள்ளிப்போனால் நாலில் ஒரு பங்கு வெளிச்சமாகத் தெரியும், பத்து மடங்கு தள்ளிப்போனால் நூறில் ஒன்று. ஆக ஒரு நட்சத்திரத்தின் உண்மையான வெளிச்சம் தெரிந்தால், இங்கிருந்து எவ்வளவு மங்கித் தெரிகிறது என்பதை வைத்துத் தூரத்தைச் சொல்லிவிடலாம். பிரச்சினை அந்த "தெரிந்தால்" என்பதில் இருக்கிறது. கிட்டே இருக்கும் குட்டி நட்சத்திரமும் எட்டத்தில் இருக்கும் பூதமும் பார்வைக்கு ஒன்றுபோலவே தெரியும். தன் வாட் கணக்கைத் தானே காட்டிக்கொடுக்கும் நட்சத்திரம் வேண்டும். இதில் நம் ஊருக்கும் ஒரு பங்கு உண்டு: ஜவ்வாது மலையில் காவலூர் ஆய்வகத்தை உருவாக்கிய வைணு பாப்புவும் ஓலின் வில்சனும் 1957இல் ஒரு தொடர்பை வெளியிட்டார்கள். சூரியனைப் போன்ற, அதைவிடக் குளிர்ந்த நட்சத்திரங்களின் நிறமாலையில் (ஒளியை நிறம் நிறமாகப் பிரித்த பட்டையில்) கால்சியத்தின் கருங்கோட்டுக்கு நடுவே ஒரு மெல்லிய ஒளிக்கீற்று தெரியும், அது எவ்வளவு அகலமோ அவ்வளவு பிரகாசமானது அந்த நட்சத்திரம்.

ஆனால் மற்ற விண்மீன் திரள்கள்வரை நம்மைக் கூட்டிப்போனது ஹென்ரியெட்டா லெவிட் கண்டுபிடித்த வழி. ஹார்வர்டு ஆய்வகத்தில் புகைப்படத் தகடுகளை உருப்பெருக்கியால் பார்த்துக் கணக்கெடுக்கும் வேலைக்கு அன்று பெண்களைச் சொற்பக் கூலிக்கு வைத்திருந்தார்கள், தொலைநோக்கியை அவர்களிடம் கொடுப்பதில்லை. தென்வானத்தில் தெரியும் மெகல்லன் மேகங்களின் (பெயர்தான் மேகம், உண்மையில் குட்டி விண்மீன் திரள்கள்) தகடுகளை லெவிட் பார்த்துக்கொண்டிருந்தார். செஃபீட் என்ற வகை நட்சத்திரங்கள் சீராகப் பிரகாசமாகி மங்கும். உள்ளே ஹீலியம் அடுக்கு வெப்பத்தைத் தேக்கி நட்சத்திரத்தை உப்ப வைக்கும், உப்பியதும் வெப்பம் வெளியேறிச் சுருங்கும், மறுபடி தேங்கும். சிறிய மெகல்லன் மேகத்தில் இப்படி 25 நட்சத்திரங்களை எடுத்து 1912இல் அவர் வெளியிட்டது இதுதான்: துடிப்பு மெதுவாக இருந்தால் நட்சத்திரம் பிரகாசமாக இருக்கிறது. சாமர்த்தியம் எங்கே என்றால், அவை எல்லாம் ஒரே மேகத்தில் இருப்பதால் நம்மிடமிருந்து எல்லாவற்றுக்கும் கிட்டத்தட்ட ஒரே தூரம். ஆகவே பார்வைக்குத் தெரியும் பிரகாச வித்தியாசம் உண்மையான வித்தியாசமே. இனி பக்கத்தில் உள்ள ஒரு சில செஃபீட்களின் தூரத்தை வேறு வழியில் அளந்துவிட்டால், எங்கே செஃபீட் தெரிந்தாலும் நாட்களை எண்ணித் தூரத்தைச் சொல்லலாம்.

1923 அக்டோபரில் மவுண்ட் வில்சனின் 100 அங்குலத் தொலைநோக்கியில் எட்வின் ஹபிள் ஆண்ட்ரோமீடாவைப் படமெடுத்தார். அன்று அது விண்மீன் திரள் என்று முடிவாகவில்லை, நம் பால்வீதிக்குள் கிடக்கும் வாயு மேகம் என்றே பலர் நினைத்தார்கள். தகட்டில் மூன்று புதுப் புள்ளிகளுக்குப் பக்கத்தில் நோவா (திடீரென்று பிரகாசமாகி மங்கும் நட்சத்திரம்) என்பதற்கான எழுத்தைக் குறித்தார். பழைய தகடுகளோடு ஒப்பிட்டபோது அதில் ஒன்று மங்கி மறுபடி பிரகாசமாவது தெரிந்தது. அந்த எழுத்தை அடித்துவிட்டு, மாறும் விண்மீன் என்பதற்கான சுருக்கத்தை எழுதி ஆச்சரியக்குறியும் போட்டார். துடிப்பு 31 நாள். கணக்குப் போட்டால் சுமார் 9 லட்சம் ஒளியாண்டு, பால்வீதிக்கு எத்தனையோ மடங்கு வெளியே. அந்த ஒரு தகட்டில் பிரபஞ்சம் பெரிதாகிவிட்டது.

9 லட்சம் எப்படி 25 லட்சமாயிற்று? இதுதான் இந்த ஏணியின் குணம். கீழ்ப்படியில் தவறு இருந்தால் மேலே எல்லாமே தவறும். விண்மீன் திரள்கள் எவ்வளவு தூரமோ அவ்வளவு வேகமாக விலகுகின்றன என்று 1929இல் ஹபிள் காட்டினார், ஆனால் அவருடைய தூரங்களை வைத்துப் பின்னோக்கிக் கணக்கிட்டால் பிரபஞ்சத்தின் வயது 200 கோடி ஆண்டு என்று வந்தது. பூமியின் பாறைகளோ அதைவிட மூத்தவை என்று கதிரியக்கக் கணக்கு சொன்னது. 1952இல் வானியலாளர் வால்டர் பாடே முடிச்சை அவிழ்த்தார்: செஃபீட்களில் இரண்டு ரகம் உண்டு, இரண்டையும் ஒன்றாகக் குழப்பியிருக்கிறோம், ஹபிள் பார்த்தவை நினைத்ததைவிட நாலு மடங்கு பிரகாசமானவை. நாலு மடங்கு வெளிச்சம் என்றால் இரண்டு மடங்கு தூரம். ஆண்ட்ரோமீடா மட்டுமல்ல, அதன்மேல் கட்டிய அத்தனை தூரங்களும் ஒரே நாளில் இரட்டித்தன. நட்சத்திரங்களுக்கிடையே உள்ள தூசு, கருவிகளின் திருத்தம் என்று மிச்சமும் சரியாகி இன்றைய எண்ணுக்கு வந்தோம்.

பத்துக் கோடி ஒளியாண்டு தாண்டினால் தனித்தனி செஃபீட்கள் மங்கிக் கலந்துவிடுகின்றன. அங்கே உதவுவது "1ஏ" (Ia) வகை சூப்பர்நோவா, அதாவது வெடித்துச் சிதறும் நட்சத்திரம். வெள்ளைக் குள்ளன் என்ற செத்த நட்சத்திரம் தன் துணையிடமிருந்து பொருளை உறிஞ்சிக்கொண்டே போய், சூரிய நிறையைப்போல் சுமார் 1.4 மடங்கை நெருங்கும்போது மொத்தமாக வெடிக்கும் என்பது வழக்கமான விளக்கம். இந்த 1.4, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சந்திரசேகர் 1930இல் பத்தொன்பது வயதில் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும் வழியில் போடத் தொடங்கிய கணக்கில் பிறந்த எல்லை. எல்லாம் ஒரே மாதிரி வெடிக்கும் என்று பல கட்டுரைகளில் எழுதிவிடுகிறார்கள், அது சரியில்லை. சில பிரகாசம், சில மங்கல், ஆனால் மெதுவாக மங்குவது பிரகாசமானது என்ற தொடர்பு 1993இல் தெளிவானதால் திருத்திக்கொள்ள முடிகிறது. 1998இல் இப்படி அளந்த தூரத்துச் சூப்பர்நோவாக்கள் எதிர்பார்த்ததைவிட மங்கலாக இருந்ததில்தான், பிரபஞ்சம் விரியும் வேகம் கூடிக்கொண்டே போகிறது என்பது தெரிந்தது.

இன்னும் தள்ளிப்போனால் ஒளி எவ்வளவு நீண்டு சிவந்திருக்கிறது என்ற செம்பெயர்ச்சி மட்டும்தான் கையில் இருக்கும். ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி கண்ட ஜேட்ஸ் இசட்14 திரளிலிருந்து வரும் ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 15 மடங்கு நீண்டிருக்கிறது. அந்த ஒளி 1,350 கோடி ஆண்டு பயணம் செய்து வந்தது, அதனால் அது 1,350 கோடி ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது என்று செய்தியில் போட்டுவிடுகிறார்கள். ஒளி வந்துகொண்டிருந்தபோது இடைவெளியும் விரிந்துகொண்டே இருந்ததை மறந்துவிடுகிறார்கள். இன்றைக்கு அந்தத் திரள் இருக்கும் தூரம் 3,300 கோடி ஒளியாண்டுக்கும் மேல்.

இந்தப் படிகளில் ஏறிவந்து பிரபஞ்சம் விரியும் வேகத்தை அளந்தால், ஒவ்வொரு 32.6 லட்சம் ஒளியாண்டுக்கும் விநாடிக்கு சுமார் 73 கிலோமீட்டர் என்று வருகிறது. ஏணியே இல்லாமல், பெருவெடிப்பின் மிச்சமான நுண்ணலைக் கதிர்வீச்சைப் பிளாங்க் விண்கலம் அளந்ததை வைத்துக் கணக்கிட்டால் 67.4. இரண்டு தரப்பும் தங்கள் பிழை எல்லை இந்த வித்தியாசத்தைவிடச் சிறியது என்கிறார்கள். புது இயற்பியல் வேண்டும் என்பவர்களும் உண்டு, ஏதோ ஒரு படியில் பிசகு ஒளிந்திருக்கிறது என்பவர்களும் உண்டு. 1952ஐ நினைத்தால் எனக்கு இரண்டாவது கட்சியின் பக்கமே மனம் சாய்கிறது, ஆனால் வெப் தொலைநோக்கியால் செஃபீட்களை மறுபடி பார்த்தபோது பழைய அளவுகள் தாக்குப்பிடித்துவிட்டன. கையாவின் கோண அளவுகளிலேயே ஒரு விகலையின் லட்சத்தில் ஓரிரு பங்கு அளவுக்கு ஒரு நிரந்தரச் சாய்வு இருப்பது தெரிந்து அதைத் திருத்திக்கொண்டுதான் பயன்படுத்துகிறார்கள். கையா 2025 ஜனவரியில் அளப்பதை நிறுத்திவிட்டது. அது திரட்டிய தரவின் அடுத்த பெரிய தொகுப்பை 2026 டிசம்பரில் வெளியிடப்போவதாக அறிவித்திருக்கிறார்கள்.